நிவால்டாவின் பன்னிரண்டு செடிகள்

ஜசீராவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். பாதியில் நிறுத்தவே தெரியாது. எல்லா வம்பும் அதனால்தான் வந்தது.

மினாஸ் மலைச்சரிவில், காட்டை ஒட்டி ஜசீரா வீட்டுக் காப்பித் தோட்டம் இருந்தது. அதன் கடைசி வரிசையை ஜசீராவும் பக்கத்து வீட்டு நிவால்டாவும் சேர்ந்து நட்டிருந்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு செடி. மூன்று வருஷம் ஆகிவிட்டது. வருகிற செப்டம்பரில் முதல் தடவையாகப் பூக்கப் போகின்றன.

ஆனால் பிப்ரவரியில் நிவால்டா கால் ஆபரேஷனுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

"என் செடியை நீதான்டி பார்த்துக்கணும். சுத்தமா வச்சிரு. மாத்து எதுவும் கிட்ட வரக்கூடாது. பூக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

"கவலையே படாதே!" என்றாள் ஜசீரா.

அந்த ஊரில் களையையும் மாத்து என்பார்கள், காட்டையும் மாத்து என்பார்கள். நிவால்டா சொன்னது களையை. ஜசீரா இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் களை பிடுங்கினாள். மறுவாரம் அரிவாளோடு போனாள். நிவால்டாவின் செடிகள் மேல் காட்டிலிருந்து சாய்ந்து கிடந்த கிளை, கொடி, புதர் அத்தனையையும் வெட்டித் தள்ளினாள். பத்தடி அகலத்துக்கு மொட்டைத் தரை. இந்த மும்முரத்தில் தன் செடிகள் பக்கம் போக நேரமே இல்லை. அங்கே காடு பாட்டுக்குச் செடிகளின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது.

"அடேங்கப்பா! இலை போட்டுச் சாப்பாடே பரிமாறலாம் போல இருக்கே!" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நிவால்டாவின் போன் வரும். "சுத்தமா இருக்கா?"

"பளபளன்னு இருக்குடி!"

மழைக்காலம் முடிந்தது. ஜூலையில் நிவால்டாவின் செடிகளில் இலைகள் செம்பு நிறமாக மாறின. ஆகஸ்டில் உதிர ஆரம்பித்தன. ஜசீராவின் செடிகளோ பச்சைப் பசேலென்று நின்றன.

நிவால்டாவின் அண்ணன் அடெல்சன் பார்த்துவிட்டான்.

"ஆகா, என்ன ஒரு நட்பு! உன் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு, என் தங்கச்சிக்குத் தண்ணி காட்டிட்டியே!"

"என் செடியை நான் தொடவே இல்லண்ணே!"

அது உண்மைதான். ஆனால் யார் நம்புவார்கள்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தாள். நிவால்டாவின் இலை ஒன்றைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தன. எட்டுக் கால் பேன்கள்! கூட்டம் கூட்டமாக இலைச்சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பிறகு தன் இலையைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்புப் பேன்கள் இருந்தன, ஆனால் நாலைந்துதான். திடீரென்று வெளிறிய, பளபளப்பான பேன் ஒன்று விறுவிறுவென்று ஓடி வந்தது. ஒரு சிவப்புப் பேனை லபக்கென்று பிடித்து உறிஞ்சியது. அதன் வயிறு மெல்லச் சிவந்தது.

"அடியாத்தி!"

இது எங்கிருந்து வந்தது? செடிமேல் சாய்ந்திருந்த காட்டுக்கிளையின் இலையைத் திருப்பினாள். நரம்போரத்துச் சின்னச் சின்னக் குழிகளில் வெளிறிய பேன்கள் குடியிருந்தன. ஒன்று கிளை வழியாக நடந்து காப்பி இலையில் இறங்கியது.

ஜசீரா மொட்டைத் தரையைத் திரும்பிப் பார்த்தாள். காவல்காரர்களின் வீட்டையும் வழியையும் வெட்டிப் போட்டது யார்? அவள்தான். 

அந்த ஞாயிறு நிவால்டா கேட்டாள்: "என் செடி எப்படிடி இருக்கு?"

"நல்லா... நல்லா இருக்கு."

போனை வைத்ததும் அம்மா சீஸ் உருண்டைகளைச் சுடச்சுட நீட்டினாள். ஜசீராவுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. வெட்டியதைவிட இந்தப் பொய் அதிகமாக வலித்தது.

மறுநாள் காட்டோரம் போய், வெளிறிய பேன்கள் இருந்த சிறு கிளைகளாகப் பார்த்துப் பறித்தாள். நிவால்டாவின் பன்னிரண்டு செடிகளிலும் நூலால் கட்டிவிட்டாள். மொட்டைத் தரையில் மறுபடி துளிர்கள் கிளம்பியபோது அடெல்சன் மண்வெட்டியோடு வந்தான்.

"மாத்து முளைக்குது பாரு!"

"முளைக்கட்டும்ணே! கை வைக்காதீங்க!" குறுக்கே நின்றுவிட்டாள்.

செப்டம்பரில் நிவால்டா ஊன்றுகோலோடு வந்து இறங்கிய அன்றே முதல் மழையும் வந்தது. பத்தாம் நாள் மலைச்சரிவே வெள்ளையாகப் பூத்தது. ஜசீராவின் செடிகளும்தான். நிவால்டாவின் செடிகள் குச்சி குச்சியாக நின்றன. கடைசிச் செடியில் மட்டும் ஏழு பூக்கள்.

"பாழாப்போன மழை! கொஞ்சம் சீக்கிரம் வந்தா என்னவாம்?" நிவால்டாவின் குரல் உடைந்தது.

தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். ஜசீராவால் முடியவில்லை.

"மழை பாவம்டி. நான்தான்."

அரிவாள், காட்டுக்கிளை, பூதக்கண்ணாடியில் பார்த்த வெளிறிய பேன், போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நிவால்டாவின் கண்கள் நிறைந்தன. "ஆஸ்பத்திரியில இந்தப் பூவைத்தான்டி நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"என் செடியெல்லாம் நீ எடுத்துக்கோ. பன்னிரண்டும்."

"உன்னோடது எனக்கு எதுக்கு?"

உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை நிவால்டா ஊன்றுகோலால் புரட்டினாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தக் கண்ணாடியைக் குடு."

ஏழு பூ பூத்த தன் கடைசிச் செடியில் மிஞ்சியிருந்த இலைமேல் குனிந்து பார்த்தாள். "வெளிறிப்போய் ஒண்ணு ஓடுது."

"நிஜமாவா?"

"ம். சிவப்பைப் பிடிச்சிடுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதோ பாரு, இன்னொரு தடவை நான் ஆஸ்பத்திரிக்குப் போனா நீ என் செடியைப் பார்த்துக்கவே வேண்டாம். தூரமா நின்னு வேடிக்கை பாரு, போதும்."

ஜசீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நிவால்டா ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செடி பக்கத்தில் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். "வா. மூணு நாள்ல உதிர்ந்துடும்."

இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அந்த ஏழு பூக்களையே பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் மலை முழுக்கப் பூத்துக் கிடந்தது. அன்றைக்கு அதை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.