ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு குரல்!

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

போன் அடித்தது. கார் டிக்கிக்குள்ளிருந்து!

"உன் போனா அக்கா?"

"என்னோடது உள்ள சார்ஜ்ல கிடக்குடி!"

அக்காவும் தங்கையும் ஷெட்டில் அந்தப் பழைய செடானைப் பாதி உரித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். திடலில் பிளாஸ்டிக் கோன்களை நட்டிருப்பார்கள். தட்டாமல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். வீட்டுக் காரே போதும். ஆனால் உள்ளே ஆடுகிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. மிதியடி, ஜாக்கி வெளியே. கனம் குறையட்டும் என்று பின் சீட்டும் வெளியே!

மிச்சம் ஸ்டெப்னி.

அக்கா அதைத் தூக்கினாள். அடியில், துணியில் சுற்றிய பட்டன் போன்!

"ஹலோ..."

"அடப்பாவிகளா! நாலு நாளா அடிக்கிறேன், இப்பத்தான் எடுக்கத் தோணுச்சா?" ஒரு பெண். குரலில் நெருப்பு.

"யாரும்மா நீங்க?"

"நீங்க இடிச்சுப் போட்ட மனுஷனோட பொண்டாட்டி! சைக்கிள்ல பேப்பர் போடப் போனவரு... இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சாரு. உதவிக்குக் கூப்பிடப் போனை எடுத்திருக்காரு. இடிச்சவனே இறங்கி வந்து அதைப் பிடுங்கிட்டுப் போயிருக்கான்! நீங்கல்லாம் மனுஷங்களா?"

அக்கா காரின் புது பம்பரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலு நாள்!

ஐந்து வருஷமாக அவள் ரேஸைக் கிண்டலடித்த கணவன், அன்றைக்குத்தான் தேனாகப் பேசினான். "ரேஸுக்குப் போற வண்டி பளிச்சுனு இருக்க வேணாமா? புது பம்பர் போடு. பெயிண்ட் அடி!"

உடனே பட்டறைக்கு ஓட்டிப் போனாள். சந்தோஷத்தில்... பழைய பம்பர் எப்படி நசுங்கியது என்றுகூடக் கேட்காமல், பாடிக்கொண்டே!

"போலீஸைக் கூப்பிடுடி!"

தங்கை வீட்டுக்குள் ஓடினாள். எதிரே வந்த கணவன் ஷெட் வாசலில் அப்படியே நின்றான். போனைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அதை... கொடு!"

"உயிரோட துடிச்சவரை விட்டுட்டு வந்திருக்கியே நீ! த்தூ!"

கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவனை 'நீ' என்றாள்.

"கத்தாதே! போனைத் தூக்கி எறியறதுக்குள்ள நீதான் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டே, இன்னிக்குத்தான் கொண்டு வந்தே. வண்டி யார் பேர்ல? உன் பேர்ல! பம்பர் மாத்தினது நீ, பெயிண்ட் அடிச்சது நீ. மாட்டினா நீதான்டி உள்ள போவே!"

"அவரு பிழைச்சுட்டாரு. உன் மூஞ்சியைப் பார்த்திருக்காரு!"

அவளைத் தள்ளிவிட்டு, சாவி தொங்கிய காருக்குள் பாய்ந்தான். கார் உறுமிக்கொண்டு தெருவுக்குத் தாவியது.

தெருமுனை. ஒடித்தான். பயந்து பிரேக்கை மிதித்தான்.

அவ்வளவுதான்!

காரின் பின்பக்கம் விசிறியது... ஒரு அரை வட்டம்! வந்த வழியையே பார்த்துக்கொண்டு, என்ஜின் அணைந்து நின்றது.

குறுகிய வளைவில் வால் சட்டென்று சுழல வேண்டும் என்று பின் டயர்களில் காற்றைக் கூடுதலாக ஏற்றி வைத்திருந்தவள் அவள். சீட்டும் ஸ்டெப்னியும் இல்லாமல் பின்பக்கம் பஞ்சு. அதை அடக்க அவளுக்குத் தெரியும். அவனுக்கு?

ஓடி வந்து சாவியைப் பிடுங்கினாள். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஜீப் வரும்வரை பிடியை விடவில்லை.

"தெரியாம நடந்துடுச்சுடி... சொல்லேன்!"

இறங்கிய இன்ஸ்பெக்டரிடம் அவனைத் தள்ளினாள்.

"ரேஸ்ல கோனைத் தட்டினா ரெண்டு செகண்ட் தண்டனை. மனுஷனைத் தட்டினா எத்தனை வருஷம்னு... சார், நீங்களே சொல்லிடுங்க!"