பின்னறைக்காரன்

மயிலம்மா கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் குடிவந்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தையல் மெசின், ஒரு தகரப்பெட்டி, இரண்டு சட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் அவள் சொத்து. தள்ளுவண்டி குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வண்டி ஏழாம் இலக்க வீட்டின் முன் நின்றதும் எல்லாத் தலைகளும் ஒன்றாக மறைந்தன.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டு. இலங்கை அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். றெயில் பாதையில் பன்னிரண்டு வருடம் கல் கொட்டிய அவள் புருசன் காத்தமுத்துவையும் நிறுத்தினார்கள். டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்குப் போ என்றார்கள். அவன் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் றெயிலில் ஏறினான். மயிலம்மா ஏறவில்லை.

"எங்கப்பன் செத்தது இந்தக் கொழும்புல. நான் பொறந்ததும் இங்கதான். எந்த ஊருக்குத் திரும்பச் சொல்ற?" என்று மேடையில் நின்று கேட்டாள். றெயில் போய்விட்டது.

வீட்டைக் கொடுத்தவர் மர்ஸூக் முதலாளி. அவருடைய புடவைக் கடைக்கு அவள் ஆண்கள் உடுக்கும் சாரத்தை மூட்டித் தைத்துக் கொடுப்பவள். சாவியை நீட்டியவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"முன்னறை, குசினி, கிணத்தடி எல்லாம் ஒனக்குத்தான் புள்ள. பின்னறை மட்டும் அடைச்சீக்கி. வாப்பா காலத்துல கூரை உழுந்த அறை. அதத் தொறக்க வாணாம்."

"முந்தி இருந்தவங்க ஏன் போனாங்க மொதலாளி?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு மாசத்துக்கு மேல ஒத்தரும் நிண்டதில்ல புள்ள."

"நான் நிப்பேன்," என்றாள் மயிலம்மா. வேறு போக்கிடம் இருந்தால்தானே அவள் பயப்படுவதற்கு.

முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது அந்த அடைத்த வாசல். செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். சுவரின் மற்ற இடமெல்லாம் பழுப்பேறியிருக்க, அந்த வாசலளவு சுண்ணாம்பு மட்டும் நேற்றுப் பூசியதுபோல வெளுத்திருந்தது. கூரை விழுந்த அறை என்றார்; வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஓர் ஓடுகூட விலகவில்லை. பின்பக்க யன்னலையும் கல் வைத்து அடைத்திருந்தார்கள். காற்றுப் புக ஒரு துவாரம்கூட இல்லாத அறை.

வெளிச்சம் விழும் இடம் அதுவென்பதால் அந்த வாசலுக்கு முதுகு காட்டி மெசினைப் போட்டுக்கொண்டாள்.

ஒழுங்கையில் யாரும் அவளோடு கதைக்கவில்லை. குழாயடிக்குப் போனால் வாளிகள் விலகின. "இந்தியாக்காரி," என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்வது காதில் விழுந்தது. அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன விசயம். பழகாதது வேறொன்று. மாதா கோயில் மணிக்கூடு பின்னேரம் இரண்டு அடித்ததும் அந்த ஒழுங்கை இரையத் தொடங்கும். பக்கத்து வீட்டில் உரலில் மிளகாய் இடிபடும். எதிர்வீட்டில் கிராமபோன் கத்தும். ஒருத்தி வெறும் கல்லில் உடுப்பை அடிப்பாள். ஒரு கிழவர் செபமாலையை உரத்துச் சொல்லுவார். ஊரெல்லாம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் இவர்கள் மட்டும் கால்மணி நேரம் இடித்துத் தள்ளுவார்கள். பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாக நின்றுவிடும்.

சத்தக்கார ஒழுங்கை என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. பிரேதத்தோடு எல்லோரும் பொரளை மயானத்துக்குப் போய்விட்டார்கள். நாய்கூட இல்லாத அமைதி. மயிலம்மா சாரம் மூட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கூடு இரண்டு அடித்தது.

முதலில் வந்தது மணம். ஈரச் சுண்ணாம்பும் பினைலும் கலந்த மணம். அதற்கு அடியில் எலி செத்துக் கிடப்பது போன்ற இன்னொன்று.

மெசினை மிதித்த காலை நிறுத்தினாள்.

டொக்.

முதுகுக்குப் பின்னால்.

டொக். டொக்.

சத்தம் காதுக்கு வருமுன் முதுகெலும்புக்கு வந்தது. மெசினில் ஊசி அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அவள் உட்கார்ந்திருந்த அதே உயரத்தில், யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

பிறகு குரல். தொண்டை காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிய்த்தெடுத்து வந்த குரல்.

"வெள்ளம்..."

கால்மணி நேரம் அந்த ஒரு சொல்தான் வந்தது. கடைசியில் அதுவும் மூச்சாகி நின்றது. மயிலம்மா மடியைப் பார்த்தாள். மூட்டிக்கொண்டிருந்த சாரத்தைக் கைகள் கிழித்திருந்தன.

அன்று மாலை பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் குழாயடியில் தனியாக நின்றாள். ஐம்பது வயது இருக்கும். முகத்தில் செத்தவீட்டுக் களைப்பு. மயிலம்மா நேராகப் போய் எதிரில் நின்றாள்.

"அக்கா, எம் பின்னறையில யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

"ரெண்டு மணிக்கு நீங்க இடிக்கிறது மொளகா இல்லையே. ஒலக்க சத்தம் வெறும் ஒரல்ல விழற சத்தம். எனக்குத் தெரியும்."

கொன்ஸ்ரன்ஸ் அக்கம்பக்கம் பார்த்தாள். குரல் குழாய்த் தண்ணீரை விடத் தாழ்ந்தது.

"பதினாலாம் ஆண்டு பிளேக் வந்ததல்லோ. அந்த அறையில ஒரு கொச்சியான் வாடகைக்கு இருந்தவன். மலையாளத்தான். துறைமுகத்தில நிலக்கரி சுமக்கிறவன். ஒருநாள் அக்குளில கட்டியோட வந்து விழுந்தான். முனிசிப்பல் ஆக்களுக்குத் தெரிஞ்சால் கூரை ஓட்டைப் பிரிச்சு, சாமானை எரிச்சு, எங்கள் எல்லாரையும் நோய்க்காரரை அடைச்சு வைக்கிற காம்புக்குக் கொண்டு போவினம். அதால..."

"அதால?"

"வெளியால தாழ்ப்பாள் போட்டு ஆணி அடிச்சவை. மூண்டு நாள் தட்டினான். பிறகு கல்லு வைச்சுக் கட்டிப்போட்டு, ஊருக்குப் போயிட்டான் எண்டு சொன்னவை. நான் அப்ப கலியாணம் முடிச்சு வந்த புதுசு. காதில விழாமல் உரலை இடி எண்டு மாமி சொன்னவ. இடிச்சனான். இண்டைக்கும் இடிக்கிறன்." கண்ணைத் துடைத்தாள். "அவன் எங்களுக்குச் சாபம் போட்டவன் பிள்ளை. வெள்ளம், வெள்ளம் எண்டு. களனி ஆறு பெருகி எங்களைக் கொண்டு போகவேணும் எண்டு. ஒவ்வொரு மாரிக்கும் பயந்து பயந்து பூசை குடுக்கிறம்."

காத்தமுத்துவோடு பாதையில் வேலை செய்த மலையாளத்துக்காரர்கள் மயிலம்மாவின் கண்முன் வந்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்து, விக்கல் எடுத்து, கையை நீட்டி அவளிடம் கேட்பது அதே சொல்லைத்தான்.

"அக்கா," என்றாள். "அவங்க பாசையில வெள்ளம்னா தண்ணி."

கொன்ஸ்ரன்ஸின் வாளி நிறைந்து காலில் வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"எங்களுக்கு அவன்ர பாஷை விளங்கேல்லை," என்றாள்.

"கேட்டிருக்கலாமேக்கா. ரெண்டு வீடு தள்ளித்தானே மலையாளத்தார் சாயாக்கட."

மறுநாள் காலையில் நோபேட் வந்தார். துறைமுகத்தில் கிளாக்கர், கோயில் சபையில் பெரிய ஆள், ஒழுங்கையில் அவர் சொன்னதுதான் சொல். பின்னால் நாலைந்து பேர். மர்ஸூக் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இது மரியாதையான சனம் இருக்கிற ஒழுங்கை," என்றார் நோபேட். "நீர் பழசைக் கிளறிக்கொண்டு திரியிறீராம். உம்மட ஆக்களுக்கெல்லாம் அரசாங்கம் ஊருக்குப் போக ரிக்கற் குடுக்குது. புருசனோட போறதுதானே?"

"அவரு போனாரு. நான் போகல."

"அப்ப எங்களுக்கு அடங்கி இரும்."

"அடங்கி இருந்தவன் அங்க இருக்கான்," என்று மயிலம்மா வெள்ளைச் சுவரைக் காட்டினாள். "இன்னைக்கு ரெண்டு மணிக்கு அதத் தொறக்கப் போறேன்."

நோபேட்டின் முகம் சிவந்தது. "எங்கட அப்பா இந்த ஒழுங்கையைக் காப்பாத்தினவர். பதினாறு குடும்பம். ஒருத்தருக்காகப் பதினாறு குடும்பம் சாகிறதோ?"

"அவனுக்குத் தண்ணி குடுத்திருந்தா எத்தன குடும்பம் செத்திருக்கும்?"

நோபேட் முதலாளியின் பக்கம் திரும்பினார். "வீட்டை விட்டு எழுப்பும் இவளை."

மர்ஸூக் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பா மவுத்தாகிற நேரம், கடைசி மூச்சுல, இந்த வீட்டத்தான் சென்னார்," என்றார் மெதுவாக. "என்ன சென்னாரெண்டு எனக்கு வெளங்கல்ல. புள்ள, கடையில கல்லுடைக்கிற அலவாங்கு ஈக்கி. அனுப்புறன்."

இரண்டு அடித்தது.

உரல்கள் தொடங்கின. கிராமபோன் தொடங்கியது. என்றுமில்லாத மூர்க்கத்தோடு ஒழுங்கை முழுவதும் இடித்தது. மயிலம்மா செம்பில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலவாங்கால் குத்தினாள். சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல்லுக்குப் பின்னால் பழைய பலகைக் கதவு. குறுக்கே சட்டம் வைத்து ஆணி. நெம்பினாள். சட்டம் பெயர்ந்து விழுந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

டொக்.

கைக்கு நேர் கீழே. பலகையின் அதிர்வு விரலில் ஏறியது.

தெருவாசல் திறந்துதான் இருந்தது. ஓடலாம். தலைமன்னார் வரைக்கும் ஓடலாம்.

"தண்ணி கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

தட்டல் நின்றது.

அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு அவள் பக்கமாகத் திறந்தது. அதில் சாய்ந்திருந்தது அவள் பாதத்தருகே சரிந்தது. எலும்புகள். இடுப்பில் மக்கிய துணி. மண்டையோடு ஒருமுறை உருண்டு வாய்ப்பக்கம் மேலே பார்க்க நின்றது.

அவள் அலறவில்லை. அலறல் வந்தது; விழுங்கினாள்.

கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். நெஞ்சளவு உயரத்தில் நகக் கீறல்கள். அதற்குக் கீழே இடுப்பளவில் கீறல்கள். அதற்கும் கீழே, உட்கார்ந்தவனின் தோளுயரத்தில், பலகை குழியும் வரை தட்டிய தடம். கடைசிக் கீறல் நிலத்திலிருந்து ஒரு சாண்.

செம்பைத் தரையில் வைத்தாள்.

தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு நடுங்கியது. பிறகு இறங்கத் தொடங்கியது.

மடக். மடக்.

செம்பு காலியானது. அவள் குடத்திலிருந்து நிறைத்து வந்தாள். அதுவும் காலியானது. மூன்றாம் செம்பில் பாதி மிஞ்சியது. குளிர்ந்த காற்றொன்று அவள் தோளை உரசிக்கொண்டு வாசல் வழியே வெளியே போனது. அந்த மணமும் கூடவே போய்விட்டது.

வெளியே உரல்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன.

மாலையில் பொலிஸ் வந்தது. எலும்புகளைச் சாக்கில் கட்டினார்கள். சார்ஜன் புத்தகத்தை விரித்தார். ஒழுங்கையே வாசலில் கூடி நின்றது.

"செத்தவருக்கு நீர் என்ன முறை?"

"பக்கத்து அற," என்றாள் மயிலம்மா. "அப்படியே எழுதுங்க."

"பேர்?"

நோபேட் நிலத்தைப் பார்த்தார். சார்ஜன் பேர் தெரியாது என்று எழுதப் பேனையோடு குனிந்தார்.

"கோமன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொன்ஸ்ரன்ஸ். "அவன்ர பேர் கோமன். வந்த முதல் நாள் என்ர மனுசனுக்குச் சொன்னவன். எங்களுக்கெல்லாம் தெரியும். நோபேட், நீயும் கல்லு எடுத்துக் குடுத்தனி. உனக்கும் தெரியும்."

திங்கட்கிழமை பொரளையில், அநாதைப் பிணங்களுக்கான மூலையில், பெயர் எழுதிப் புதைத்தார்கள். மயிலம்மாவும் கொன்ஸ்ரன்ஸும் மர்ஸூக் முதலாளியும் போனார்கள். வேறு யாரும் வரவில்லை. வரச்சொல்லி யாரையும் அவள் கேட்கவும் இல்லை. வரும் வழியில் முதலாளி, பின்னறை யன்னலைத் திறக்க மேசனை அனுப்புவதாகச் சொன்னார். அவள் எவ்வளவு காலம் இருப்பாள் என்று அவர் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மணிக்கூடு இரண்டு அடித்தது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, வீட்டில் இருந்துகொண்டே ஒருவரும் உரலைத் தொடவில்லை. மயிலம்மா வாசற்கதவை விரியத் திறந்துவைத்து மெசினில் இருந்தாள். சுவருக்குப் பின்னால் சத்தமில்லை.

டொக். டொக்.

ஒழுங்கையில் கேட்டது. முதல் வீட்டு வாசலில், வெளிப்பக்கமாக.

அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். வெயிலில் ஒருவரும் இல்லை. முதல் வீட்டுக் கதவுக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தட்டல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கும் தாழ்ப்பாள். அதற்கடுத்தது கொன்ஸ்ரன்ஸின் வீடு.

டொக். டொக்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவு திறந்தது. கொன்ஸ்ரன்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு பித்தளைப் பேணியை நீட்டினாள். விளிம்பு வரை நிறைந்திருந்த தண்ணீர் சிந்தியது.

"இந்தா தம்பி," என்றாள். "குடி."

சிந்துவது நின்றது. பேணி அவள் கையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்தது, பாரம் குறையக் குறைய. அவள் கண்ணைத் திறந்து பேணிக்குள் பார்த்தாள்; காலி. பிறகு பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மயிலம்மாவின் திறந்த வாசலைத் தாண்டி அடுத்த கதவு நோபேட்டுடையது.

அது திறக்கவில்லை. மணிக்கூடு மூன்று அடித்தது; நாலு அடித்தது.

தட்டல் நிற்கவில்லை.