நாற்காலி அறுபது, ஆள் ஏழு

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் வாய் இருந்திருந்தால், "ஐயோ, அடிக்கிறாங்களே!" என்று ஊரையே கூட்டியிருக்கும். சித்தி அதைத்தான் ட்ரம்ஸாக நினைத்துக் கரண்டியால் வெளுத்து வாங்குவாள். பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் மேஜையில் வேலை.

அவளுடைய அக்கா மகள்தான் நம் சில்வண்டு. வயது பத்து. எந்நேரமும் எதையாவது ரீங்காரம் செய்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் வீட்டில் பார்க்க முடியாது. பக்கத்தில் எங்கே இசைக்குழு வாசித்தாலும் அங்கே ஆஜர். பெரிய அரங்கமெல்லாம் இல்லை. சைக்கிள் கடையில் ராக் கேட்டார்கள். சுவரில் தொங்கிய சக்கரங்கள் எல்லாம் அதிர்ந்தன. சலவைக் கடையில் நாட்டுப்பாட்டு கேட்டார்கள். முடிவெட்டும் கடையில் ஜாஸ். அங்கே ஒரே நெரிசல். சாக்ஸபோன்காரரின் முழங்கை சில்வண்டின் காதில் இடித்தது.

"சித்தி, இதுவரைக்கும் பார்த்ததுலயே இதுதான் சூப்பர்!" என்றாள் அவள், காதைத் தேய்த்துக்கொண்டே.

இந்தச் சனிக்கிழமை சித்தியே மேடை ஏறுகிறாள்! குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசிப்பவர் பள்ளி வேன் ஓட்டுநர். பாடுபவர் பல் டாக்டர். வாரம் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், இன்று தானே திறக்கப் போகிறார்.

இடம், நூலகத்தின் கீழ்த்தள அறை. நூலகர் தங்கமான மனிதர். ஆனால் முப்பது வருடமாக "உஷ்ஷ்" சொல்லிச் சொல்லி, கிசுகிசுப்பைத் தவிர வேறு குரலே வராது அவருக்கு. காலையிலிருந்து தனி ஆளாக அறுபது நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார்.

மணி ஐந்து ஆயிற்று. வந்தவர்கள் ஏழு பேர். அவர்களும் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர்.

சித்தி திரையை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"டாக்டருக்கு இப்பவே தொண்டை அடைச்சிடுச்சு," என்றார் வேன் ஓட்டுநர்.

"கிளம்பலாம்," என்றாள் சித்தி. "இனிமே மேடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு அந்த மேஜையே போதும்." சொல்லிவிட்டு ட்ரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் போட்டாள். அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

சித்தி அழுது சில்வண்டு பார்த்ததே இல்லை.

"சித்தி, அஞ்சே அஞ்சு நிமிஷம்! போயிடாதே, ப்ளீஸ்!"

அறைக்குள் ஓடி வந்து நின்றாள். முடிவெட்டும் கடையில் அன்றைக்கு எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதே பேர்! அதற்கே அங்கே மூச்சுவிட இடமில்லை. அப்படியென்றால் தப்பு ஆட்கள் மேல் இல்லை. சில்வண்டு நாற்காலிகளை முறைத்தாள்.

"மாமா, இதையெல்லாம் மடக்கி ஓரமா வெச்சிடலாமா?"

நூலகரின் முகம் வாடியது. "ஏம்மா, நான் போட்டது சரியில்லையா?" என்று கிசுகிசுத்தார்.

"நீங்க அழகா போட்டிருக்கீங்க, மாமா. நாற்காலிங்க எல்லாம் கரெக்டா வந்துடுச்சு. ஆளுங்கதான் வரலை."

நூலகர் களுக்கென்று சிரித்துவிட்டார். டக், டக், டக்கென்று நாற்காலிகள் மடங்கின. சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? அவர்களும் எழுந்து கைகொடுத்தார்கள். கடைசியில் ஏழே ஏழு நாற்காலிகள் மிஞ்சின. சில்வண்டு அவற்றை மேடையை ஒட்டி அரை வட்டமாக நெருக்கிப் போட்டாள். அவளுக்கு இடம் தரையில்.

கடைசி நாற்காலியை ஓரம் கட்டிவிட்டு வந்த நூலகர், சுற்றும்முற்றும் பார்த்தார். "எனக்கு உட்கார இடமில்லையே!" என்று கிசுகிசுத்தார்.

திரைக்குப் பின்னால் சித்திக்கு அது கேட்டது. எட்டிப் பார்த்தாள். எதிரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஏழு முகங்கள். காலியாக ஒரு நாற்காலிகூட இல்லை.

குச்சிகள் பையிலிருந்து வெளியே வந்தன.

சித்தி வெளுத்து வாங்கினாள்! பல் டாக்டரின் தொண்டை இரண்டாவது பாட்டில் திறந்துகொண்டது. புத்தகக்காரர் புத்தகத்தின் மேலேயே தாளம் போட ஆரம்பித்துவிட்டார். நூலகர் அதைப் பார்த்தும் "உஷ்ஷ்" சொல்லவில்லை.

பாதியில் இரண்டு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "உட்கார இடம் இருக்கா, சார்?"

நூலகர் கிசுகிசுத்தார். ட்ரம்ஸ் சத்தத்தில் காதில் விழவில்லை. மறுபடி கிசுகிசுத்தார். ம்ஹூம்! அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"இடமே இல்லை! நின்னுக்கிட்டுதான் பார்க்கணும்! ஹவுஸ் ஃபுல்!"

முப்பது வருடக் குரல் மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஒரு நொடி எல்லோரும் திகைத்துப்போனார்கள். பிறகு அறையே கைதட்டியது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள், தாளம் தப்பாமல்.

வீடு திரும்பியதும் அம்மா ஆவலாகக் கேட்டாள். "எப்படிடீ இருந்தது? கூட்டம் வந்துச்சா?"

சித்தி தயங்கினாள். சில்வண்டு தயங்கவில்லை.

"பாவம்மா, நூலகர் மாமாவுக்கே உட்கார இடமில்லை!"