பவளத்திட்டில் பன்னிரண்டாவது ஆள்

பதினோரு பேர் போனார்கள். திரும்பி வந்தது பன்னிரண்டு பேர்.

தேவசேனா முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். ஹெட்செட்டைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் எண்ணு, தொமாசி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பல கடல் தாண்டி, ஃபிஜி நாட்டுச் சின்னத் தீவு ஒன்றில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த வழிகாட்டி தொமாசி எண்ணினான். அவன் கழுத்தில் தொங்கிய போன் வழியாகத் தண்ணீர் சலசலப்பதும், ஒரு வெள்ளைக்காரப் பெண் எதற்கோ சிரிப்பதும், எல்லாவற்றுக்கும் பின்னால் அலை ஓயாமல் உடைவதும் கேட்டன.

"பன்னிரண்டு" என்றான். "ஆனால் விளக்கு பதினொன்றுதான் தெரிகிறது."

அங்கே ராத்திரி எட்டே முக்கால். இங்கே ஆந்திராவின் புத்தூரில் மத்தியானம் இரண்டேகால், மண்டையைப் பிளக்கும் வெயில்.

தேவசேனாவுக்குத் திருப்பதியில் இருக்கும் ஓர் ஆபீஸில் வேலை. வேலை பார்ப்பது வீட்டிலிருந்து. அந்தத் தீவு விடுதியின் விருந்தாளிகள் பொழுது சாய்ந்த பிறகு என்னென்ன செய்வது என்று பட்டியல் போட்டு, பெயர் சேர்த்து, போனவர்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டார்களா என்று பார்த்து முடிப்பது அவள் பொறுப்பு. சூரியன் மறைவதைப் பார்க்கப் படகு, குழி தோண்டிச் சுட்ட விருந்து, கடற்கரையில் தீ மூட்டிப் பாட்டு, நட்சத்திரம் பார்த்தல், சங்கு நண்டுகளை வட்டத்தில் விட்டு ஓட்டப்பந்தயம். இந்த நண்டுப் பந்தயத்தைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் கணவன் அருள்குமார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "எம் பொண்டாட்டி நண்டுக்கு ஆள் சேக்கறா" என்று நகரியில் தான் வேலை பார்க்கும் தறிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவன் காலையில் போனால் ராத்திரிதான் வருவான்.

பட்டியலில் எல்லாருக்கும் பிடித்தது பவளத்திட்டு நடை. கடல் உள்வாங்கிய நேரத்தில், ஆளுக்கொரு கைவிளக்கோடு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு இருட்டில் பாறைமேல் நடந்து போய் நட்சத்திர மீனையும் விலாங்கையும் பார்த்துவிட்டு வருவது. கிளம்பும்போது தேவசேனா போனில் பெயர் படிப்பாள். கடைசிப் பெயருக்குப் பிறகு, முதல் நாள் வாய்தவறி வந்தது ஒன்று நான்கு மாதமாக வழக்கமாகிவிட்டது. "பத்திரமா போயிட்டு வாங்க" என்பாள், தமிழிலேயே. விருந்தாளிகளுக்கு அது ஏதோ மந்திரம் மாதிரி பிடித்துப்போயிற்று. தொமாசி போனை உயர்த்திப் பிடித்து, ஒலியைக் கூட்டி, கடலைப் பார்த்து அதைச் சொல்ல வைப்பான்.

அன்றைக்குக் கரையேறி, விடுதி வெளிச்சத்தில் நின்றபோது பதினோரு பேர்தான் இருந்தார்கள். ஆனால் தொமாசி அதற்குள் பன்னிரண்டு என்று பதிந்துவிட்டான். பட்டியல் முடியவில்லை. தேவசேனா திருப்பதிக்குப் போன் போட்டாள். அங்கே அவளுக்கு மேலதிகாரி ஜெயச்சந்திரன், பேச்சில் பாதி தெலுங்கு.

"ஏம்மா, ஒருத்தரு கொறஞ்சா நாம பயப்படணும். ஒருத்தரு எக்குவா வந்தா நமக்கேமி? பதினொண்ணுன்னு மாத்திட்டு க்ளோஸ் பண்ணும்மா. போய் பொண்ணுக்கு சோறு போடு."

மாற்றினாள். ஆனால் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

அவள் வேலை பார்க்கும் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாராயணவனம் போகிற சாலையோரம் மாடிப் போர்ஷன். கீழே ஆட்டோக்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வருகிற கூட்டம், "உல்லிபாயலு, உல்லிபாயலு" என்று ஒலிபெருக்கி வைத்த வெங்காய வண்டி. இந்தச் சத்தமெல்லாம் வெள்ளைக்காரன் காதில் விழக்கூடாது என்று ஜன்னலுக்கு இரண்டு கம்பளிகளை அடித்து, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து வைத்திருந்தாள். உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. ஹெட்செட்டில் பச்சை விளக்கு எரிந்தால் அவள் பேசுகிறாள் என்று பொருள். அப்போது மகள் காவ்யா கதவைத் தட்டக்கூடாது, அம்மா என்று கூப்பிடக்கூடாது.

காவ்யாவுக்கு ஐந்து வயது. ஒரு மணிக்கு வேன் கொண்டுவந்து விடும். தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு ஹாலில் பாய்போட்டுத் தனியே படுத்துக்கொள்வாள். கதை கேட்டு நச்சரித்த பிள்ளை, இந்த நான்கு மாதத்தில் கேட்பதையே விட்டுவிட்டது. அது தேவசேனாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பிள்ளையோடு வீட்டிலேயே இருக்கலாம் என்றுதானே இந்த வேலைக்கே வந்தாள்?

புதன்கிழமையும் பன்னிரண்டு.

இந்த முறை தொமாசியின் குரலில் விளையாட்டில்லை. விருந்தாளிகளை விடுதிக்கு அனுப்பிவிட்டு, மணலில் தனியே நின்று பேசினான். கடைசியில் வருவது ஒரு பெண். செருப்பில்லை. துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருக்கிறாள். பாறையில் அவள் கால் படுகிற சத்தமே இல்லை. மணலில் ஏறும் இடத்தில் காணாமல் போகிறாள்.

"அந்தத் திட்டில் முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று தேவசேனா கேட்டாள்.

தொமாசி சொன்னான். நூறு வருஷத்துக்கு முன் அந்தத் தீவில் கரும்புத் தோட்டம் இருந்தது. கப்பலில் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். செத்தவர்களை மேற்குக் கரையில் புதைத்தார்கள். கடல் அந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிட்டது. இப்போது விருந்தாளிகள் விளக்குப் பிடித்து நடக்கிற இடம் அதுதான்.

"உங்கள் பக்கத்து ஆட்கள்தான்" என்றான். "மெட்ராஸ் கப்பலில் வந்தவர்கள்."

தேவசேனா போனை வைத்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. யாரையும் போயிட்டு வா என்பதுமில்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். அவளுக்கு ஐந்து வயதிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. அந்த அவள், நான்கு மாதமாக, ஓர் இடுகாட்டைப் பார்த்து, ஒலியைக் கூட்டி வைத்து, வா வா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நூறு வருஷமாகச் சொந்தப் பாஷையில் ஒரு சொல் கேட்காமல் கிடந்தவர்களைப் பார்த்து.

அன்று ராத்திரி அருள்குமாரிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

"நாளைக்கு அத்த சொல்லாத. அவ்ளோதான். வேலய வுட்டுடணும்னா வுட்டுடு, இன்னாத்துக்கு பயந்துக்கினு பண்ற?"

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அப்பறம் லெட்டர் குடுத்துடறேன்."

வியாழக்கிழமை கிளம்பும் நேரத்தில் பெயர்களைப் படித்தாள். கடைசிப் பெயர் முடிந்ததும் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் "மந்திரம்?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தண்ணீரில் கால்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

நடை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். காவ்யா வேனிலிருந்து வந்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, கதவாண்ட ஒரு அம்மா குந்திக்கினு கீறாங்க."

தேவசேனா போய்ப் பார்த்தாள். மாடிப்படி உச்சியில் யாருமில்லை. வெயில் மட்டும் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வாசற்படிக்கு வெளியே, ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குத் தரை ஈரமாயிருந்தது. தொட்டித் தண்ணீர் வழிந்திருக்கும் என்று நினைத்துக் குனிந்தாள். ஈரத்தில் மணல். ஆற்று மணலில்லை, மாவு மாதிரி வெள்ளையாக, சிப்பித் தூள் கலந்த மணல். அதிலிருந்து பாசியும் உப்பும் அழுகிய மீனும் சேர்ந்த வாடை அடித்தது. புத்தூரில் கடல் எங்கே இருக்கிறது? மணலைத் துடைப்பத்தால் படியில் தள்ளி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, கதவை உள்பக்கம் தாழிட்டாள். பிள்ளையைப் பாயில் படுக்க வைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"கதவ யார் தட்டினாலும் தொறக்காத. அம்மாக்கு இன்னும் ஒரே ஒரு போன்தான்."

"பச்ச லைட்டா?"

"பச்ச லைட்டுதான். சீக்கிரம் வந்துடறேன்."

அறைக்குள் இருட்டு. கம்பளியின் தூசி வாடை. ஹெட்செட்டை மாட்டியதும் தீவின் ராத்திரி இரண்டு காதிலும் வந்து நிறைந்தது: காற்று, தென்னையோலை உரசுவது, தூரத்தில் தீயைச் சுற்றி மரக்கட்டை தட்டிப் பாடுவது, பவளத்திட்டின் விளிம்பில் கடல் மூச்சு வாங்குவது.

"பதினொன்று" என்றான் தொமாசி. "இன்று பதினொன்றுதான். மூன்று தரம் எண்ணிவிட்டேன்."

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"நேற்று உன்னிடம் ஒன்று சொல்லவில்லை" என்றான் தொமாசி. "நீ போனை வைத்த பிறகு அந்தப் பெண் திரும்ப வந்தாள். என் பக்கத்தில். குனிந்து, என் கழுத்துப் போனில் காதை வைத்துக் கேட்டாள். ஏதோ கேட்டாள், உங்கள் பாஷையில். எனக்குப் புரியவில்லை. இந்தக் குரல் எங்கேயிருந்து என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன்."

தேவசேனா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அவள் சிரித்தாள்" என்றான். "தனக்குத் தெரிந்த ஊர் மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். புத்தூரு, புத்தூரு என்று. பிறகு கையை இப்படி இடுப்பு உயரத்துக்குக் காட்டினாள். ஒரு சின்னப் பிள்ளையின் உயரம். விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்கிற மாதிரி."

தேவசேனா ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

இடது காதில் கடல். வலது காதில் வீடு. மின்விசிறியின் கிரீச். கீழே ஓர் ஆட்டோ. அப்புறம் ஹாலிலிருந்து காவ்யாவின் குரல், தூக்கம் தோய்ந்து, மெதுவாக:

"ம்..."

சற்று நேரம் ஒன்றுமில்லை.

"ம்..."

கதை கேட்கும் பிள்ளை ஊம் கொட்டும் குரல். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற அளவு இடைவெளி. பிறகு ஒரு ஊம். பிறகு இடைவெளி. கதை சொல்லும் குரல்தான் கேட்கவில்லை.

எழுந்தாள். ஹெட்செட் வயர் இழுத்துக் கீழே விழுந்தது. கதவிடுக்கில் திணித்த புடவை நனைந்து ஊறியிருந்தது. காலில் ஜில்லென்று பட்டது. கதவைத் திறந்தாள்.

வாசல் தாழ் போட்டபடியே இருந்தது.

ஹாலில் யாருமில்லை. பாயில் காவ்யா மட்டும், கண் மூடி, ஒருக்களித்து. பாயைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம். வெள்ளை மணல். பிள்ளையின் தலைமுடி சீவிப் பின்னியிருந்தது. காலையில் இரட்டைப் பின்னல் போட்டது தேவசேனா. இப்போது ஒற்றைப் பின்னல். எண்ணெய்க்குப் பதில் கடல் தண்ணீர் சொட்டியது.

"ம்..." என்றாள் காவ்யா.

"கண்ணு. ஏந்திரிடி. அம்மாடி, ஏந்திரி!"

வாரித் தூக்கினாள். தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. ஓட வேண்டும். தாழ்ப்பாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகி, உப்புப் பூத்து, அசையவில்லை. சற்று முன் எண்ணெய் போட்ட மாதிரி நகர்ந்த தாழ்ப்பாள்.

காவ்யா விழித்துக்கொண்டாள். தோளில் தலை நிமிர்ந்தது. தேவசேனாவின் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அந்தச் சின்ன உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியதை அவள் நெஞ்சில் உணர்ந்தாள். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போது முன்பெல்லாம் அவளைக் கண்டதும் வருமே, அந்தச் சந்தோஷம்.

"அம்மா!" என்றாள் காவ்யா.

"அம்மா இங்கதாண்டி கீறேன். அம்மா உன்ன தூக்கிக்கினு கீறேன்டி."

பிள்ளை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை. பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய், மரியாதையாக, கூச்சத்தோடு சொன்னது:

"வுடுங்க. எங்கம்மா வந்துட்டா."

தேவசேனா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தில் உப்பு மூச்சு பட்டது. அவளுடைய இரண்டு தோள்களுக்கும் மேலாக, தண்ணீரில் வெகுகாலம் ஊறி வெளுத்த இரண்டு கைகள், சொட்டச் சொட்ட முன்னால் நீண்டு, பிள்ளையை வாங்கிக்கொள்ள விரிந்தன. காவ்யா, அடுத்த வீட்டுக்காரி இடுப்பிலிருந்து தாயிடம் தாவுகிற குழந்தையாக, சிரித்துக்கொண்டே அந்தக் கைகளுக்குத் தாவினாள்.