இடப்பக்கம் விழுந்த குண்டு

ட்ரிங்... ட்ரிங்...

பட்டறையில் தனியாக இருந்த பொகோமிர் ரிசீவரை எடுத்தார்.

"மாஸ்டர்... நான் தில்கா பேசறேன். லேனார்த்தோட சம்சாரம்."

கையிலிருந்த அரம் தரையில் விழுந்தது!

லேனார்த். வனக் காவலர். போன அக்டோபரில் மலைச்சரிவில் முதுகு காட்டி நின்றவரை யாரோ சுட்டார்கள். யார் என்று இன்று வரை தெரியவில்லை.

"சொல்லும்மா..."

"அவரோட பழைய ஒத்தைக் குண்டு ரைபிளை விக்கப்போறேன். வாங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. ஆனா குறி சரியில்ல. நீங்க சரிபண்ணித் தரணும்."

"எனக்கு வேலை நிறைய இருக்கு தில்கா. லுப்லியானா டவுன்ல நல்ல ஆளுங்க..."

"துப்பாக்கின்னா பொகோமிர்தான்னு அவரே சொல்லுவாரு மாஸ்டர்."

செத்தவன் சிபாரிசு செய்கிறான். மறுக்க முடியுமா?

அன்று மதியமே ரைபிள் வந்தது. தில்காவோடு, ரைபிளை வாங்கப்போகும் ஹெர்மினாவும் வந்தாள். ஐம்பது வயது. கையில் சுட்ட கஷ்கொட்டைப் பொட்டலம். வாய் ஓயவில்லை.

"ஒரு தடவை சுட்டுப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமே மாஸ்டர்?"

"வேண்டாம்!"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"பார்த்தாலே தெரியுது" என்று சமாளித்தார். "குழாய் முனையில அடி பட்டிருக்கு. குண்டு வெளிய வர்ற விளிம்புல சின்னப் பள்ளம் இருந்தாக்கூட அது ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத்தான் போகும். ஸ்கோப்பும் நகர்ந்திருக்கு. நான் பார்த்துக்கறேன்."

அவர்கள் போனதும் ரைபிளை நடுவில் மடித்தார்.

க்ளக்!

அந்தச் சத்தம்... முதுகெலும்பில் ஐஸ் கட்டியை வைத்தது போல!

வேலை மட்டும் சுத்தம். குழாய் முனையைப் புதிதாகச் சீவினார். தேய்ந்து ஆடிய கீல் ஆணிக்குப் பதில் கொஞ்சம் தடித்த ஆணி. ஈரத்தில் உப்பிக் குழாயை அழுத்திய மர முன்கட்டையை, இடையில் ஒரு காகிதம் தடையில்லாமல் நுழையும் வரை இழைத்தார். கடைசியாகக் குழாயின் பின்புறம் கண்ணை வைத்து, அதன் வழியே தூரத்து மாதா கோயில் சிலுவையைப் பார்த்தார். ரைபிள் மேலிருந்த தொலைநோக்கியையும் அதே சிலுவைக்குத் திருப்பி முடுக்கினார்.

ரைபிளை அலமாரியில் பூட்டினார்.

க்ளக்!

அலமாரிக்கு உள்ளே... யார் திறந்தது?

அவசரமாகப் பூட்டைத் திறந்தார். ரைபிள் மூடியபடியே இருந்தது.

ஒரு வாரம். தூங்கப் போனால் க்ளக். சூப்பில் கரண்டி வைத்தால் க்ளக். பொகோமிர் பாதியாக இளைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. கைவிடப்பட்ட கல்குவாரி. நூறு மீட்டர் தள்ளி, வெள்ளை அட்டையில் கறுப்பு வட்டம்.

"சுடுங்க மாஸ்டர்" என்றாள் ஹெர்மினா, கஷ்கொட்டையை உரித்துக்கொண்டே.

பொகோமிர் மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்தார். தொலைநோக்கியில் கண் வைத்தார்.

வட்டம் இல்லை!

லேனார்த்தின் முகம்! நேராக அவரையே பார்த்தது...

கை தன்னால் நகர்ந்தது.

டமார்!

"இன்னொண்ணு" என்றாள் ஹெர்மினா.

டமார்!

தில்கா பைனாகுலரில் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஓட்டை. ஆனா வட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம்."

"ஸ்... ஸ்கோப்பைக் கொஞ்சம் திருப்பணும்..." பொகோமிர் திருகாணியைத் தேடினார்.

"தொடாதீங்க!" ஹெர்மினாவின் குரல் மாறியிருந்தது. "தில்கா, நீ சுடு."

தில்கா சுட்டாள். மடித்தாள். குண்டு போட்டாள். மறுபடி சுட்டாள்.

இரண்டும் வட்டத்தின் நட்டநடுவில்!

"ரைபிள் அற்புதமா இருக்கு மாஸ்டர்" என்றாள் தில்கா. "நீங்கதான் ஒரு சாண் தள்ளிக் குறி வைக்கறீங்க. ஏன்?"

"கை நடுக்கம்மா..."

"நடுங்கற கை ரெண்டு குண்டையும் ஒரே ஓட்டையில போடாது!"

பொகோமிரின் முகம் வெளுத்தது.

"பாறையில விழுந்ததுலேருந்து இந்த ரைபிள் ஒரு சாண் வலப்பக்கம் போகும். லேனார்த் என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. சொல்லிட்டு இதைத் துடைச்சு வேட்டைக் குடிசையில மாட்டிட்டாரு. அதுக்கப்புறம் தொடவேயில்ல. நான் எடுத்துட்டு வந்தப்ப குழாய் பூராக் கரி! உங்ககிட்ட 'குறி சரியில்ல'ன்னுதான் சொன்னேன். எந்தப் பக்கம்னு சொன்னேனா?"

பொகோமிர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வலப்பக்கம் போற ரைபிளுக்கு இடப்பக்கம் தள்ளிக் குறி வைக்க, உங்க கைக்கு எப்படித் தெரியும்?"

"தில்கா..."

"அன்னிக்கு ஓடைகிட்ட நின்னேன். ரெண்டு வெடி கேட்டேன். முதல் குண்டு அவருக்கு வலப்பக்கம் பாறையைப் பேர்த்திருந்துச்சு. அடுத்தது நெஞ்சுல."

அவள் ரைபிளை மடித்தாள். க்ளக்! புதுக் குண்டைப் போட்டாள். மூடினாள். முனை பொகோமிரின் மார்புக்குத் திரும்பியது!

ஹெர்மினாவின் கையிலிருந்த பொட்டலம் சிதறியது. "தில்கா! வேண்டாம்! இது நம்ம ஏற்பாட்டுல இல்ல!"

"ரெண்டு வெடிக்கும் நடுவுல இவ்வளவு நேரம் இருந்துச்சே மாஸ்டர்! மடக்கி, எடுத்து, போட்டு, மூடி... நிறுத்தியிருக்கலாமே! அந்த நேரத்துல என்ன நினைச்சீங்க?"

பொகோமிர் மண்ணில் முழந்தாளிட்டார்.

"அவன் திரும்பினான்மா... என்னைப் பார்த்தான். கையை ஆட்டினான். 'யோவ் பொகோமிர், ஆள் இருக்கேன்யா, பார்த்துச் சுடு!'ன்னு சிரிச்சான்... காட்டாடுன்னு நினைச்சுத் தெரியாம சுட்டுட்டேன்னு நம்பிட்டான்..."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான். அப்பவும் நான் நிறுத்தல. நான் திருட்டுத்தனமா லின்க்ஸ் காட்டுப்பூனைத் தோல் விக்கறதை அவன் கண்டுபிடிச்சுட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே போலீஸ்ல போய்ச் சொல்லிடுன்னான். என் பேர் போயிடுமேன்னு... குடிசை சாவி என்கிட்டயும் இருந்துச்சு. செத்தவன் துப்பாக்கியை யார் சந்தேகப்படுவா?"

தில்காவின் விரல் விசையில் இருந்தது.



பிறகு அவள் ரைபிளை மடித்தாள். குண்டை உருவி தூர வீசினாள். உட்கார்ந்து, ஒரு வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள்.

ஹெர்மினா கோட்டுக்குள்ளிருந்து விலங்கை எடுத்தாள்.

"நான் வாங்க வந்தது ரைபிளை இல்ல மாஸ்டர், உங்களை. இன்ஸ்பெக்டர் ஹெர்மினா. அவர் உடம்புல இருந்த குண்டு இந்த ரைபிளோடதுன்னு லேப்ல எப்பவோ சொல்லிட்டாங்க. சாவி இருந்த நாலு பேர்ல யாருன்னுதான் தெரியல."

"நான் அட்டையில தப்பா சுட்டதை வெச்சா என்னைப் பிடிச்சீங்க?"

ஹெர்மினா விலங்கை மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

"சரியா சுட்டு மாட்டினவங்க ஜெயில் நிறைய இருக்காங்க. தப்பா சுட்டு மாட்டினது நீங்க ஒருத்தர்தான்... உள்ள போய் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க!"