கால்வாசி வெளிச்சம்

பவளங்கள் அதற்கு முன் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. தங்கசாமி அதைப் பார்த்துத்தான் முதலில் பயந்திருக்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. சாரல் ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த விருந்தாளிகளின் ஈரத் துண்டுகள் கதவு, நாற்காலி, மாடிப்படி என்று தொங்க, அவர்கள் தேய்த்துக்கொண்ட எண்ணெயின் வாடை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஏறியிருக்க, அவன் பல் தேய்த்தபடியே முன்னறைக்கு வந்து மீன் தொட்டியின் முன் நின்றுவிட்டான். விரல் விரலாகக் கிளைத்திருந்த பவளம் நேற்று வரை வெறும் பழுப்பு. இன்று அதன் நுனிகளில் ஊதா ஏறியிருந்தது, அடியில் இலைத்தளிரின் பச்சை, நடுவில் ரோஜாவா ஆரஞ்சா என்று சொல்லமுடியாத ஒரு நிறம். "அட சவமே!" என்று வாயில் நுரையோடு சிரித்தான்.

தொட்டி அவனுடையதல்ல. மனைவி அனுசியாவுடையது. இலஞ்சியில் இருக்கிற வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு தென்காசியில் மோட்டார் பம்பு விற்கிறவனுக்குப் பவளத்தைப் பற்றி என்ன தெரியும்? அவள் விலங்கியல் டீச்சர். பண்ணையில் வளர்த்து ரசீதோடு வந்த நகக்கண் அளவுத் துண்டுகளை வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வளர்த்து, மலையடிவாரத்து வீட்டுக்குள் ஒரு கடலையே கொண்டுவந்து வைத்திருந்தாள். பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கை மாட்டிய மறுநாள்தான் தூத்துக்குடியில் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அனுசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

"போன்ல லைட்டுக்குன்னு இருக்க இந்தக் கோட்ட கால்வாசிக்கு மேல இழுத்திராதிய. இது பழைய லைட்டு மாதிரி இல்ல, வெளிச்சம் அடியாழம் வரைக்கும் போகும். நான் சொல்லச் சொல்ல கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தணும். பவளத்துச் சதைக்குள்ள ஒரு பாசி இருக்கு. அதுதான் அதுக்குச் சோறு பொங்கிப் போடுது. வெளிச்சம் திடீர்னு ஏறிட்டுன்னா அந்தப் பாசியத் துப்பிரும். அப்புறம் சதை கண்ணாடியாப் போயிரும். உள்ள இருக்க எலும்புதான் வெள்ளையாத் தெரியும். கேட்டியளா?"

"கேட்டாச்சுட்டி. நீ கெளம்பு."

சீசன் வந்துவிட்டால் இலஞ்சிக்காரன் வீடு சத்திரம்தான். அருவியில் தண்ணீர் விழுகிற சேதி போய்ச் சேர்வதற்கு முன்பே சொந்தபந்தம் வந்து சேர்ந்துவிடும். சனிக்கிழமை மதியம் அக்காவின் புருஷன் பலவேசம் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். தங்கசாமியை அவர் இன்றுவரை ஒரு மனுஷனாக மதித்ததில்லை. தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்னலே இது, இருட்டுக்குள்ள பாசி புடிச்சுக் கெடக்கு? இதப் பாக்கவா ஊரையே கூப்புடுத?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கசாமியின் காது மடல் சுட்டது. போனை எடுத்தான். நீலத்துக்கு ஒரு கோடு, வெள்ளைக்கு ஒரு கோடு. இரண்டையும் கடைசி வரை இழுத்துவிட்டான்.

"அடேயப்பா!" என்றார் பலவேசம். வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சினன் தோளில் கை போட்டார். "இருக்கட்டும்லே, அணைச்சிராத. சாயங்காலம் இன்னும் ஆளுக வருது."

அதன்பிறகு கோட்டை இறக்க மறந்துவிட்டான் என்று சொன்னால் அது பொய். மறக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையை இறக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அறைகளையெல்லாம் விருந்தாளிகள் பிடித்துக்கொண்டதால் மகள் அபர்ணாவுக்குத் தொட்டியின் அடியிலேயே பாய் விரித்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே தூங்கிப்போனது. விளக்கு எரிந்தபடியே இருந்தது.

வேன் கிளம்பிப் போன பிறகுதான் பவளத்தின் நுனியிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாக என்னவோ பிரிந்து தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தான். எண்ணெய்க் கையோடு எவனாவது தொட்டுத் தொலைத்திருப்பான் என்று நினைத்து, முழங்கை வரை கையை விட்டு அந்த நூல்களை அள்ளி எறிந்தான். வழவழவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அபர்ணாதான் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவோடது வெள்ளையாயிட்டு."

வெள்ளை என்று கூடச் சொல்லமுடியாது. சதை அங்கேயேதான் இருந்தது, நடுவில் ஊசிமுனை வாயோடு பூப் பூவாக விரிந்து அசைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் வழியாக அந்தப்பக்கம் தெரிந்தது; உள்ளே சுண்ணாம்பு எலும்பு, கிளைகிளையாக. தங்கசாமி கோட்டைக் கால்வாசிக்கு இறக்கினான். கும்பிட்டான். ஒன்றும் ஆகவில்லை. அனுசியா பெற்றதுபோல வளர்த்ததை அத்தானின் ஒரு "அடேயப்பா"வுக்காகக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பே கூசியது.

அன்று சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். எடுப்பதற்கு முன் வெள்ளைக் கோட்டை அடியோடு இறக்கி, நீலத்தை மட்டும் வைத்தான். நீலத்தில் செத்ததும் மினுங்கியது. பச்சை, ஊதா, ஆரஞ்சு, எல்லாம் இருந்தன.

"நல்லாத்தான இருக்கு? எவ்வளவுல வச்சிருக்கிய?"

"கால்வாசிதான்."

போனை வைத்ததும் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான். கழுவியும் போகவில்லை.

அதிலிருந்து வீட்டில் நீல வெளிச்சம்தான். பக்கத்து வீட்டு டீச்சர் யாராவது எட்டிப் பார்த்து அனுசியாவிடம் போட்டுக்கொடுத்துவிடக் கூடாதே என்று ஜன்னல்களைச் சாத்தினான். முன்னறை டியூப் லைட்டைக் கழற்றிப் பரணில் போட்டான். வெளியே சாரல் விடாமல் தூறியது, மலை மேகத்துக்குள் போய் நாளாயிற்று, பகலுக்கும் பொழுது சாய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடைத்த வீட்டுக்குள் தொட்டிப் பம்பின் முனகலும், நமுத்த துணியின் வீச்சமும், கடலே இல்லாத ஊரில் கடல் வாடையும். அதற்கு நடுவில் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சின்னச் சின்ன ஈர உதடுகள் பிரிகிற மாதிரி. ப்ச். ப்ச். தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அபர்ணாவுக்கு இருமல் வந்தது. சீசனில் எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை? சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தான். அவள் கைக்குட்டையில் துப்பியதைப் பார்த்தான்.

பழுப்பு. நூல் நூலாக. கடல் வாடை அடித்தது.

கருப்பட்டி நிறம்தான் அது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். கைக்குட்டையைக் கல்லில் வைத்துத் தேய்க்கும்போது குளியலறையின் மஞ்சள் பல்பில் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். நகத்துக்கு அடியில் ரத்தச் சிவப்பு இல்லை. நகமும் தெரிந்தது, சதையும் தெரிந்தது, சதைக்குள் மெல்லிசாக ஒரு வெள்ளைக் குச்சியும் தெரிந்தது.

பல்பை அணைத்தான். இருட்டில் விரலுக்குத் துணி சுற்றினான். கடையில் கேட்டவர்களிடம் மோட்டார் பெல்ட் கிழித்துவிட்டது என்றான்.

டாக்டரிடம் போகலாம். போனால் பிள்ளையைப் படுக்கவைத்து டார்ச் அடிப்பார். எப்போதிருந்து, எதனால் என்று கேட்பார், அம்மா எங்கே என்று கேட்பார். நாளைக்குப் போகலாம். அபர்ணாவைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை; காய்ச்சல் என்று டீச்சருக்குச் செய்தி போட்டான். அவள் நாளெல்லாம் தொட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்த சோறு காய்ந்தது.

"ஏட்டி, பசிக்கலியா?"

"பசிக்குப்பா." திரும்பாமலே சொன்னாள். "ஆனா வாய் வழியா இல்ல."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று அனுசியா கூப்பிட்டபோது, "எம்புள்ளைய எங்க? காட்டுங்க, கண்ணுக்குள்ளயே நிக்கா" என்றாள்.

தங்கசாமி போனைத் திருப்பினான். நீல வெளிச்சத்தில் அபர்ணாவின் கன்னம் இளம்பச்சையாக மினுங்கியது. உதட்டில் ஊதா. இமையோரம் ரோஜா நிறம். தூத்துக்குடியில் அனுசியா வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

"எம்மா! என்ன அழகா இருக்கா! இவ்வளவு அழகா இவ இருந்ததே இல்லியே. அந்த லைட்டாலயா?"

ஒரே ஒரு வார்த்தைதான். ஏத்திட்டேன். அதைச் சொன்னால் அவள் திட்டுவாள், அழுவாள், அழுதுகொண்டே என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லுவாள். அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே அத்தானின் சிரிப்பும் வந்தது, சொந்தக்காரர்கள் மொத்தமும் வந்தார்கள்.

"ஆமா, அந்த லைட்டுதான்" என்றான்.

போனை வைத்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ப்ச். ப்ச். அவன் பம்பை நிறுத்தினான். தொட்டி அமைதியானது. சத்தம் நிற்கவில்லை. அது தொட்டியிலிருந்து வரவில்லை. தொட்டிக்கு முன்னால் இருந்து வந்தது.

பம்பை மறுபடி போட்டுவிட்டான். சத்தமாக ஓடும்படி.

சாரல் விட்ட அன்று மதியம், சொல்லாமல் கொள்ளாமல் அனுசியா வந்து இறங்கினாள். வாசலில் ஆட்டோ நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம். தங்கசாமி ஓடிப்போய் நடுவில் நின்றான். நிற்கத்தான் முடிந்தது.

"என்னங்க இது, இப்படி அடைச்சுக் கெடக்கு? மூச்சு முட்டுது."

"தெறக்காத அனுசியா. புள்ளைக்குக் காய்ச்சல். காத்து ஆகாது."

"காய்ச்சலா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே!" அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். ஜன்னல் கொக்கியை எடுத்தாள். கதவு இரண்டும் சுவரில் போய் மோதின.

வெயில். எத்தனையோ நாளைக்குப் பிறகு, கழுவிவிட்ட மாதிரி வெயில்.

அது முதலில் தொட்டியில் விழுந்தது. உள்ளே எல்லாம் எலும்பு. பிறகு தரையில் நகர்ந்து அபர்ணாவின் மேல் விழுந்தது.

கன்னம் இருந்தது. கன்னத்துக்கு உள்ளே இருந்ததும் தெரிந்தது. பால்பற்கள். அவற்றுக்குக் கீழே, தாடைக்குள், இன்னும் முளைக்காத பற்கள், வரிசையாக, காத்துக்கொண்டு. பென்சில் பிடிக்கிற கை. சதை கண்ணாடி. கண்ணாடிக்குள் கிளைகிளையாக வெள்ளை.

அனுசியா தொட்டியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"எவ்வளவுல வச்சிய?"

தங்கசாமி துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கால்வாசிதான்" என்றான்.

ப்ச்.

அபர்ணா வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாள். வாய் மூடித்தான் இருந்தது. நெற்றியில் ஒன்று திறந்தது. பிறகு கழுத்தில். கன்னத்தில், தோளில், புறங்கையில், அரிசி அளவில், கடுகு அளவில், உடம்பு முழுக்க ஈரமான சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொன்றாக, எல்லாமே ஜன்னலைப் பார்த்து.