தலை தட்டிய பாட்டு

ஐந்தாம் வகுப்புப் பட்டாணி எழுதிய பாட்டில் ஒரே ஒரு வரிதான். அதுவும் தகராறு செய்தது.

“நிலா வந்து கனா தந்தது” என்று படித்த டீச்சர், “நல்லா இருக்கு. ஆனா தளை தட்டுதே! மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நம்ம கையெழுத்துப் பத்திரிகையில சேர்க்க முடியாது” என்றார்.

பட்டாணிக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டுக்கு ஏது தலை? தட்டுகிறதென்றால் உயரம் அதிகமோ? எழுத்துகளை எறும்பளவு சின்னதாக்கி எழுதிக் கொண்டுபோய், “இப்ப தலை தட்டாது, டீச்சர்” என்று நீட்டினாள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“தலை இல்லம்மா, தளை! தாளம் இடறுதுன்னு அர்த்தம். ‘நிலா’ன்னு சொல்லிப் பாரு. முதல்ல குட்டை, அப்புறம் நீட்டு. வரி முழுக்க அப்படியே போகணும்.”

குட்டை, நீட்டு. விரல்விட்டு எண்ணினாள். மேசையைத் தட்டினாள். வராந்தாவில் நடந்தும் பார்த்தாள். இரண்டு கால்களும் ஒரே மாதிரி ‘டக் டக்’ என்றன. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அப்போது படிப் பக்கம் ஒரு சத்தம். டக்-டாஆக். டக்-டாஆக்.

நிலா! கனா!

“வந்துடுச்சு!” என்று பட்டாணி குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

வந்தவன் அவள் தோழன் ஒட்டகம். உயரத்தால் அந்தப் பெயர். பந்து விளையாடிக் காலில் மாவுக்கட்டுப் போட்டு, இன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தான். கட்டுப்போட்ட காலை வைத்ததும் எடுத்துவிடுவான். நல்ல காலை நின்று ஊன்றுவான்.

அவன் முகம் சுருங்கிப்போனது. “நீயுமா என் நடையைப் பார்த்துச் சிரிக்கிற?”

பட்டாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்திரிகையே மறந்துபோயிற்று.

“ஐயோ, இல்லடா! உன் நடையிலதான் என் பாட்டு இருக்கு!”

“என் நடையிலயா?” இப்போது குழம்புவது அவன் முறை.

“நம்பலன்னா நட. நான் கூடவே சொல்றேன்.”

ஒட்டகம் அரைமனதோடு நடந்தான். டக்-டாஆக். ‘நிலா’ பொருந்தியது. அடுத்து ‘வந்து’ இடறியது.

“வந்து வேணாம்... வரும்! நிலா வரும், கனா தரும்!”

ஒட்டகம் நின்றான். இன்னும் இரண்டு அடி வைத்துப் பார்த்தான். “அட, ஆமா! அடுத்த வரி என்னுது. பயம் விடும், பலம் வரும்!”

மத்தியானம் இரண்டு வரிகளையும் படித்த டீச்சர், “தளை தட்டவே இல்லையே! யாரு சொல்லிக்கொடுத்தாங்க?” என்றார்.

“இவன் காலு, டீச்சர்” என்றாள் பட்டாணி.

காலையில் சுவர் ஓரமாக ஒளிந்து ஒளிந்து வந்த ஒட்டகம், இப்போது வகுப்பையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் தன் இடத்துக்குப் போனான்.